கமக்கட்டுக் கட்டியும் மாம்பழத்தின் மேல் விழுந்த பழியும்

சித்திரை, வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்தில் யாருக்காவது கமக்கட்டில் கட்டி புறப்பட்டால், வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்பு உடனே வந்துவிடும். "உது சூடு பிள்ளை. கறுத்தக்கொழும்பானைக் கொஞ்சம் குறை. நல்லா முழுகு." முழுகுவது நல்ல யோசனைதான். மாம்பழம் மட்டும் பாவம், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறது.

உண்மையான குற்றவாளி ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் யாழ்ப்பாணத்துத் திராட்சைக் குலை போல ஒட்டி ஒட்டிக் கிடக்கும். ஏறத்தாழ பத்துப் பேரில் மூவரின் மூக்குக்குள் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் கமக்கட்டைச் சொறிந்தால் கிருமிக்குப் பயணம் முடிந்துவிடும். அங்கே வியர்வை, உராய்வு, பிளேட் கீறிய நுண்ணிய காயம் என எல்லாம் தயாராக இருக்கும். மயிர்க்கால் வழியே உள்ளே இறங்கினால் சிவந்த பருக்கள் வரும். இன்னும் ஆழமாகப் போனால் சிதல் கட்டும்.

இது தெரியவந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1867இல் 'இரணவைத்தியம்' என்ற அறுவைச் சிகிச்சை நூலைத் தமிழில் தந்தார். லண்டன் 'லான்செட்' இதழில் ஜோசப் லிஸ்டர் கிருமிகொல்லிச் சிகிச்சையை விளக்கியதும் அதே ஆண்டில்தான். ஆனால் சிதலுக்குள் இருப்பது எந்தக் கிருமி என்று அப்போது மானிப்பாயிலும் தெரியாது, லண்டனிலும் தெரியாது. 1880இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் ஒக்ஸ்ரன் நோயாளி ஒருவரின் சிதலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் குலைகள் கண்ணில் பட்டன.

சிதலில் இருப்பதாலேயே அதுதான் கட்டியை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியுமா? சுவிற்சர்லாந்து சத்திரசிகிச்சை வைத்தியர் கார்ல் காரே 1885இல் அதைச் சோதித்தார், அதுவும் தன் உடம்பிலேயே. ஆய்வுகூடத்தில் வளர்த்த கிருமியை, காயமே இல்லாத தன் முன்கையில் தேய்த்தார். சில நாட்களில் பெரிய கட்டியொன்றும் அதைச் சுற்றிப் பல சிறு கட்டிகளும் எழும்பின. தழும்புகள் ஆயுளுக்கும் நின்றன. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கிறுக்குத்தனம் இது. ஆனால் கிருமிக்குக் காயம் வேண்டாம், மயிர்க்காலும் தேய்ப்பும் போதும் என்பது அதனால்தான் விளங்கிற்று. நல்லூர்த் திருவிழாவில் இறுக்கமான சட்டையோடு மணிக்கணக்கில் வியர்த்து நிற்பவரின் கமக்கட்டிலும் நடப்பது அதே தேய்ப்புத்தான்.

சிறு பருக்களை வீட்டிலேயே கவனிக்கலாம். கொதித்து ஆறிய, தோல் தாங்கும் இளஞ்சூட்டு நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு தரம். சூட்டில் இரத்த ஓட்டம் கூடும், நோவு குறையும், சிதல் தானாக வெளியேற வழி பிறக்கும். ஒவ்வொரு முறையும் வேறு துணி. தனித் துவாய். ஆறும்வரை சவரமும் வேண்டாம், வாசனைத் தெளிப்பும் வேண்டாம். பருத்தியில் தளர்வான சட்டை போதும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. அதற்காக அழுத்தித் தேய்க்காமல், மெதுவாகக் கழுவி ஒற்றித் துடைக்க வேண்டும்.

பிதுக்கவே கூடாது. பிதுக்கினால் சிதல் வெளியே வருவதைவிட உள்ளே பரவுவதே அதிகம். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசுவது தோலைப் பொசுக்கும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீம் சிவப்பை மறைத்துக் கிருமியை வளர்க்கும்.

காய்ச்சல், சுற்றிப் பரவும் சிவப்பு, கையைத் தூக்க விடாத நோவு இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். சலரோகம் உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. அதே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, தோலுக்கடியில் துளையிட்டுத் தழும்பாக்கினால் அது ஹைட்ராடெனைட்டிஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கு நீண்டகாலச் சிகிச்சை தேவை. முற்றிய கட்டியைக் கீறிச் சிதல் எடுக்க அரச ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதில்லை. பிளேட்டைச் சூடாக்கிக்கொண்டு வீட்டில் எவரும் குந்த வேண்டாம்.