துறையில் ரகசியம் கிடையாது

போன மாசியில் ஒரு தம்பி கடைக்கு வந்தார். கையில் சட்டை இருந்ததால் பில் புத்தகத்தை எடுத்தேன். "துணி போட வரலீங்கக்கா. நானும் லாண்டரி வைக்கப்போறேன், பக்கத்துத் தெருவுலதானுங்க" என்றார். சட்டையை விரித்துக் காட்டினார். வெள்ளைச் சட்டையாம். அடுப்படித் துணி மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. "சோப்பு ரெண்டு மடங்கு போட்டும் இப்படித்தான் வருதுங்க."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என்னை முறைத்தாள். பக்கத்துத் தெருக்காரனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுக்காதே என்று அர்த்தம்.

நான் சொன்னேன்: "சோப்பைக் குறைங்க தம்பி. மொதல்ல தண்ணியைப் பாருங்க."

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவோம். அதில் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் பீளமேட்டில் ஹாஸ்டல் துணி துவைக்கிற என் கடைக்குக் குழாய்த் தண்ணீர் எந்த மூலைக்கு? மெஷினுக்குள் போவது போர் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகி நூலிழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, நாம் போட்ட சோப்பேதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று சொல்கிறார்கள். குடிக்க 600 தாங்கும், வெள்ளைச் சட்டை தாங்காது.

இதை நான் கற்றுக்கொண்ட கதை கேவலமானது. கடை வைத்த புதிதில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்கிப் பொருத்தினேன். தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் வாங்கினேன். சாஃப்ட்னருக்குள் போகும் தண்ணீரில் 1,200. வெளியே வரும் தண்ணீரிலும் ஏறக்குறைய அதே 1,200. ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரைக் கூப்பிட்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் பதில் பேசாமல் ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். போர் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பல சொட்டு விழுந்தும் நிறங்காட்டி தந்த திராட்சை ரச நிறம் மாறவில்லை. சாஃப்ட்னர் தண்ணீரில் ஒரே சொட்டு, நீலமாகிவிட்டது. சாஃப்ட்னர் உப்பை எடுத்து எறிவதில்லை. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு அப்படியே இருப்பதால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அந்த மனிதரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசினும் ஒரு கட்டத்துக்கு மேல் நிரம்பிவிடும். அப்போது கல் உப்பைக் கரைத்து விட்டுக் கழுவ வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், அந்தக் குப்பியைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரிவதில்லை. அவள் நொய்யல் ஆற்றுத் துறையில் துவைத்தவள். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, பானை மேல் அடுக்கி, கீழே நெருப்பு வைத்து இராத்திரி முழுக்க ஆவி கட்டுவார்கள். அதுதான் வெள்ளாவி. உவர்மண்ணில் இருப்பது சலவைச் சோடா. அது கால்சியத்தைப் படிய வைத்துத் தண்ணீரை மென்மையாக்கும். அவள் உவர்மண்ணும் என் சாஃப்ட்னரும் செய்வது ஒரே வேலை. அவளுக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

துறையை நான் புகழ்ந்து பேச மாட்டேன். வாசலில் நின்று சோறு வாங்கிய கதையெல்லாம் அம்மாவிடம் உண்டு. ஆனால் அங்கே பத்துக் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒருத்தி துணியில் கறை நின்றால் அடுத்த கல்லில் இருந்தவள் பார்த்துவிடுவாள், ஏன் என்று சொல்லிவிடுவாள். இப்போது நாம் ஆளுக்கொரு ஷட்டர் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். ஒரே தவறை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்துச் செய்கிறோம்.

தண்ணீரில் தவறினால் சட்டைதான் போகும். டிரையரில் தவறினால் கடையே போய்விடும். அதனால் அந்தத் தம்பியிடம் இதைத்தான் அதிக நேரம் சொன்னேன். ஒருமுறை ஆயுர்வேத மசாஜ் நிலையம் ஒன்றிலிருந்து துண்டுகள் வந்தன. துவைத்து, டிரையரில் காயவைத்து, சூடாக இருக்கும்போதே மடித்து அடுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். சாவியை மறந்ததால் திரும்பி வந்தேன். ஷட்டரைத் தூக்கியதும் கருகிய வாசனை. அடுக்கின் நடுவில் கை வைக்க முடியவில்லை. நடுத்துண்டுகள் பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நெருப்பும் இல்லை, ஒயரும் இல்லை.

சாதாரணத் துவைப்பில் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. மிச்ச எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகும். விரித்த துணியில் அந்த வெப்பம் பறந்துவிடும். சூடாக அடுக்கிய துணியில் வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். உலகெங்கும் லாண்டரிகள் எரிவதற்கு இது தெரிந்த காரணம். இப்போது எண்ணெய்த் துண்டென்றால் வெந்நீரில் சோப்பு கூட்டித் துவைக்கிறேன். டிரையரின் கடைசிப் பத்து நிமிடம் சூடு இல்லாமல் வெறும் காற்று. எடுத்ததும் மேசையில் பரப்பி, ஆறிய பிறகுதான் மடிப்பு. கடை மூடும் நேரத்தில் அந்தத் துணியை டிரையரில் போடுவதே இல்லை. ஃபில்டரில் சேரும் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு லோடுக்கும் எடுக்க வேண்டும். அது உலர்ந்த பஞ்சு, ஒரு பொறி போதும்.

தம்பி எழுந்தார். வாசல் வரை போனவரிடம் அம்மாதான் குரல் கொடுத்தாள். "கண்ணு, சாம்பார்க் கறை சோப்புல செவப்பாகும். பயந்துபோய் ப்ளீச்சை ஊத்தாத. அலசுனா மஞ்சளாயிரும், வெயில்ல போட்டா போயிரும்." மஞ்சள் காரத்தில் சிவக்கும், வெயிலில் நிறம் இழக்கும். எனக்கும் அவள் சொல்லித்தான் தெரியும்.

அவர் கடை திறந்துவிட்டார். என் ஹாஸ்டல் ஒன்று அவரிடம் போய்விட்டது. சலவைக்குத் துணி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணெய் பட்ட துணி இருந்தால் தனிப் பையில் போட்டு, கடையில் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கடையாக இருந்தாலும்.