விடுதியில் தங்குவோரும் விடுதி நடத்துவோரும்



படிப்பை முடித்துச் சென்னைக்கோ கோவைக்கோ வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் முதலில் தங்குவது விடுதிகளில்தான். நம்மிடம் நற்சான்று கேட்டு வரும் பெற்றோரிடம், "விடுதியில் எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டால், "அட்வான்ஸ் கட்டிவிட்டோம் சாமி" என்பதே பெரும்பாலும் பதில். ரசீது இருப்பதில்லை.

வீட்டை வாடகைக்கு எடுப்பதும் விடுதியில் தங்குவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. வாடகைதாரருக்கு வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை உண்டு. விடுதியில் தங்குபவருக்கு இருப்பதோ தங்குவதற்கான அனுமதி மட்டுமே. 1959இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய வேறுபாடு இது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஒருவரை வெளியேற்றவும் கூடாது. ஆனால் ஓர் அறையில் நான்கு கட்டில், அதில் ஒன்று நமக்கு என்று தங்குபவர் பொதுவாக இச்சட்டத்தின் துணையைக் கோர இயலாது.

அப்படியானால் அவர் கதியற்றவரா? இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் பெற்று உணவும் உறைவிடமும் தருவதைச் 'சேவை' என்றே சொல்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமில்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். அங்கெல்லாம் முதலில் கேட்பது ரசீதைத்தான்!

பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு 2014இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றியது. மாவட்ட ஆட்சியரின் உரிமமின்றி அவற்றை நடத்தக்கூடாது. ஆண்கள் தங்கும் மேன்ஷன்கள் இதில் வரா. இது ஒரு குறையே. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீப்பற்றிப் பெண்கள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவநம்பிக்கை அல்ல.

விடுதி நடத்துவோருக்கும் உரிமை உண்டு. அடையாளச் சான்றின் நகலைக் கேட்கலாம், நேர ஒழுங்கு வைக்கலாம், கட்டணம் தராதவரை வெளியேறச் சொல்லலாம். ஆனால் அவற்றைச் சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கல்விச் சான்றிதழ்களின் அசலைக் கேட்டால் மட்டும், பெற்றோரே, கொடுக்காதீர்கள், நகல் போதும்.