குழலுக்குள் இருக்கிறது உயிர்

பழைய பாயிண்ட் 22 ரைபிளை மேல் பூச்சைப் பார்த்து வாங்கினால் பாழாவது பணம் மட்டுமல்ல, சுடுபவரின் தன்னம்பிக்கையும்தான்.

ஐம்பது மீட்டர் தூரத்தில் இலக்கு அட்டை. அதன் நடுவில் பத்து மதிப்பெண் வட்டம். குறுக்களவு வெறும் 10.4 மி.மீ. அதைத் தேடிப் போகும் ஈயக் குண்டின் குறுக்களவு 5.6 மி.மீ., எடை இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம். மயிரிழைக் கணக்கில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இந்த விளையாட்டை, தன் அப்பாவைவிட வயதில் மூத்த ரைபிளை வைத்துக்கொண்டு பழகத் தொடங்கும் இளைஞர்கள் இந்தியாவில் உண்டு.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஆனால் அந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்குப் புது ரைபிள் லேசில் கிடைப்பதில்லை. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்கு 1980களின் நடுப்பகுதியிலிருந்தே கடும் கட்டுப்பாடு. தகுதி பெற்ற வீரர்களுக்கும் ரைபிள் சங்கங்களுக்கும்தான் விலக்கு. எனவே பழசுக்கு மவுசு. ஏமாறவும் வாய்ப்பு அதிகம்.

பழசிலும் இரண்டு குலங்களுக்குத் தனி மரியாதை. ஒன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் தயாரித்த மார்ட்டினி வகை. பிடியைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் எஃகுக் கட்டி இறங்கி தோட்டா அறை திறக்கும். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் வாரிசு இது. மற்றது ஜெர்மனியின் அன்ஷுட்ஸ். 1856இல் தொடங்கிய இந்த நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உல்ம் நகரில் புது வாழ்வு பெற்றது. இதன் 54 வகை போல்ட் ரைபிள்கள் உலகப் போட்டிகளில் பல ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்தவை.

அனுபவசாலிகள் ரைபிளைக் கையில் எடுத்ததும் செய்யும் முதல் வேலை, அறையைத் திறந்து தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. அடுத்து முத்திரைகளைப் படிப்பார்கள். உல்ம் சோதனைச் சாலையின் முத்திரையில் மான் கொம்பு இருக்கும். பக்கத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தால் அதுதான் ஜாதகம். ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று வரிசையாகக் கணக்கிட்டால், எச், எஃப் என்ற எழுத்துகள் 1975ஆம் ஆண்டைச் சொல்லும். விற்பவர் சொல்லும் வயது சரிதானா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வயது தெரிந்தால் மட்டும் போதாது. பாலிஷ் போட்ட மரக்கட்டையும் புதிதாக ஏற்றிய கறுப்புப் பூச்சும் கண்ணை மயக்கும். உயிர் குழலுக்குள் இருக்கிறது. ஈயம் மென்மையான உலோகம் என்பதால் குண்டுகள் குழலை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. குழலைக் கெடுத்த வில்லன் வேறு. 1920களின் பிற்பகுதிவரை தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது விட்டுச்செல்வது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து துருவை வளர்க்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, தண்ணீரில்தான் கரையும். அது தெரியாமல் சுத்தம் செய்யப்பட்ட பழைய குழல்களுக்குள் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும்.

இப்படிக் கெட்டுப்போன குழல்களைத் துளைத்து, உள்ளே புதிய எஃகுக் குழாய் செருகிக் கொடுத்தது பர்மிங்ஹாமின் பார்க்கர் ஹேல் நிறுவனம். குழலில் பார்க்கர் ரைஃபிள்டு என்று பொறித்திருந்தால், வெளியே கிழவனாகத் தெரியும் துப்பாக்கிக்கு உள்ளே வயது குறைவு என்று பொருள்.

ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் பார்த்தால் குழிகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாததை கை சொல்லும். இறுக்கமான துணியை கம்பியில் சுற்றி மெதுவாகத் தள்ள வேண்டும். சீராக வழுக்கினால் நல்லது. திடீரென்று எங்காவது தளர்ந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கலாம்.

குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் குழலின் வாய். வாய்ப்பக்கத்திலிருந்தே கம்பியை விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் அந்த விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றித் தேய்த்துப் பார்ப்பது எளிய சோதனை. பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, நல்ல ஆர்மரர் விளிம்பைச் சீவிச் சரிசெய்துவிடுவார்.

மறுமுனையில் இன்னொரு ஆபத்து. பாயிண்ட் 22 தோட்டாவின் விளிம்பில்தான் ஊசி அடிக்கும். தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகினால் சில ரைபிள்களில் ஊசி நேராக அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் போடும். பிறகு சுட்ட கூடுகள் சிக்கிக்கொள்ளும். சுட்ட கூடு ஒன்றை வாங்கிப் பார்த்தால் ஊசியின் அடி ஆழமாக இருக்கிறதா, கூட்டில் கீறல் விழுகிறதா என்று தெரியும். காலி ரைபிளின் விசையை ஏற்றி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டும்போது விசை தானாக விடுபட்டால் அதைத் தொடக்கூடாது. கட்டையில் விரிசல் உண்டா, குறிகாட்டியை இருபது கிளிக் திருப்பி மீண்டும் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இறுதித் தீர்ப்பு சுடுகளத்தில்தான். ரைபிளை அசையாமல் தாங்கி வைத்து, மூன்று நான்கு ரகத் தோட்டாக்களில் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். ஒரு குழலுக்குப் பிடித்த ரகம் இன்னொன்றுக்குப் பிடிக்காது. குண்டு வட்டக்கோட்டைத் தொட்டாலே பத்து மதிப்பெண் என்பதால், துளைகளின் மையங்கள் எல்லாம் இலக்கின் நடுவே 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் அத்தனையும் பத்துதான். கீறல் விழுந்த கிழட்டு ரைபிள் இதைச் செய்தால் வேறு சான்றிதழ் எதற்கு?

காகிதங்களையும் மறக்கக்கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வாங்குவதும் விற்பதும் குற்றம். ரைபிளின் எண் உரிமத்தில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால், குழல் தங்கமாகவே இருந்தாலும் பயனில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். செத்த குழலை வைத்துக்கொண்டு எட்டும் ஒன்பதுமாகச் சுடும் பதினைந்து வயதுப் பெண் துப்பாக்கியைச் சந்தேகிப்பதில்லை. முதலில் மூச்சை மாற்றுவாள், பிறகு நிற்கும் விதத்தை மாற்றுவாள், கடைசியில் இது தனக்கு வராது என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போய்விடுவாள். அலமாரியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய ரைபிளை ஒரு பிற்பகல் செலவிட்டுச் சோதித்திருந்தால் அவள் களத்திலேயே இருந்திருப்பாள்.