ஈரக் காற்றுக்கு வெளிவழி

மழைக்காலத்து மும்பையில் துணி உலராது, சுவரும் உலராது. இது நாம் அனைவரும் அறிந்ததே. செம்பூரில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் வீட்டின் குளியலறையில் சென்ற ஆண்டு எக்ஸாஸ்ட் பேன் பொருத்தினார்கள். விசிறி நன்றாகவே சுழன்றது. ஆயினும் இரண்டே மாதத்தில் கூரையெங்கும் கரும்பூசணம் படர்ந்தது. நண்பர் ஒருவருக்கு இருமல் ஓயவில்லை. காரணம் என்ன? பால்ஸ் சீலிங் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். விசிறியின் குழாய் வெளிச்சுவரை எட்டவே இல்லை. பலகைக்கு மேலேயே வாய் திறந்து கிடந்தது!

இதிலுள்ள அறிவியல் எளிது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அது 25 பாகைக்குக் குளிர்ந்தால் 23 கிராம்தான் தாங்கும். எஞ்சிய 7 கிராம் எங்கே போகும்? கூரையில் நீராகப் படியும். பூசணத்துக்கு அதுவே விருந்து. எங்கள் விசிறி ஈரத்தை வெளியேற்றவில்லை. இடம் மாற்றியது, அவ்வளவே.

ஆகவே குழாய் சுவரைக் கடந்து திறந்த வெளியில் முடிய வேண்டும். அது குட்டையாகவும் நேராகவும் இருத்தல் நலம். வளைவு மிகுந்தால் காற்று தடைபடும். வெளிமுனை சற்றே தாழ்ந்திருந்தால் உள்ளே படியும் நீர் வெளியே வடிந்துவிடும். முனையில் தானே மூடிக்கொள்ளும் தகடு வேண்டும். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளியும் வேண்டும். உள்ளே காற்று வராவிட்டால் வெளியே எது போகும்? குளித்த பின் கால் மணி நேரமேனும் விசிறி ஓடட்டும்.

ஓர் எச்சரிக்கை. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்துவிட்டு, விசிறி காக்குமென்று நம்பாதீர்கள். அடைத்த அறையில் வாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகக் குருதியைப் பற்றும். விசிறியின் இழுப்பே அந்த நச்சை அறைக்குள் திருப்பிவிடவும் கூடும். கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடமே.

இந்நகருக்கு இது புதிய பாடமன்று. 1896இல் கொள்ளைநோய் தாக்கிய பின்னரே, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றியது. நம்மவர் நிறைந்த மாதுங்காவின் அகன்ற தெருக்களும் திறந்த வெளிகளும் அதன் திட்டத்தில் எழுந்தவையே.

வீட்டுக்காரரிடம் பேசி, எங்கள் குழாயை வெளிச்சுவர் வரை நீட்டினோம். இவ்வாண்டு மழையில் கூரை வெண்மையாகவே இருக்கிறது. நண்பர்களே, இன்றே உங்கள் விசிறியைச் சுழலவிட்டு வெளியே சென்று பாருங்கள். தகடு அசைகிறதா?