‘ஈஸ்டர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

ஈஸ்டர் நெருங்கினாலே புலனக் குழுக்களில் ஒரு செய்தி வலம் வரத் தொடங்கிவிடும். ‘ஈஸ்டர் என்பது பாபிலோனியப் பெண் தெய்வம் இஷ்தாரின் பெயர், அதைக் கொண்டாடுவது அந்தத் தெய்வத்தை வணங்குவதே’ என்பது அதன் சாரம். இதைப் படித்துவிட்டு, பண்டிகையை அனுசரிக்கலாமா கூடாதா என வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் செய்பவர்களும் உண்டு.

இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன. அதற்கு மேல் ஆதாரம் இல்லை. இஷ்தார், இன்றைய ஈராக் பகுதியில் வழங்கிய அக்காடிய மொழிப் பெயர். அம்மொழி எபிரேயம், அரபு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. ஈஸ்டரோ பழைய ஆங்கிலச் சொல். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஹிஸ்லப் எழுதிய ‘இரண்டு பாபிலோன்கள்’ என்ற நூலே இக்கதையைப் பெரிதும் பரப்பியது.

கி.பி. 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். ஏறத்தாழ ஏப்ரலில் வரும் மாதத்துக்கு ‘ஏயோஸ்ட்ரே’ என்ற பெண் தெய்வத்தின் பெயரை முன்னோர் வைத்திருந்தனர் என்றும், அம்மாதத்தில் வந்த கிறிஸ்துவப் பண்டிகைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது என்றும் அதில் குறிப்பிடுகிறார். அந்தத் தெய்வத்தை இப்பெயரால் குறிப்பிடும் பழைய நூல் இது ஒன்றுதான். முயலும் முட்டையும் அவளுக்கு உரியவை என்பது பிற்காலத்தார் சேர்த்தது. பீட் அப்படி எதுவும் எழுதவில்லை.

சொல்லின் வேர் கிழக்கையும் விடியலையும் குறிப்பது. ‘ஈஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும், விடியலைக் குறிக்கும் சமஸ்கிருத ‘உஷஸ்’ஸும் அதே வேரில் பிறந்தவை. நம் கோயில்களில் அதிகாலையில் நடக்கும் உஷக்கால பூஜையின் ‘உஷ’ அதுதான். ஆக, ஈஸ்டருக்கு உறவுமுறை தேடினால் இஷ்தாரைவிட உஷக்காலமே நெருக்கம்!

பெயர் எப்படி வந்திருந்தாலும், ஆங்கிலேயர் கிறிஸ்துவராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்பண்டிகை அனுசரிக்கப்பட்டது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதன் பெயர் ‘பாஸ்கா’. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் ‘பெசாக்’ என்ற எபிரேயச் சொல்லின் வழி வந்தது அது. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் இன்றும் அதன் திரிபுகளே வழங்குகின்றன. ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில மொழிகளில்தான் விடியல் பெயர்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், அப்போஸ்தலர் 12:4இல் ‘பாஸ்கா’ என்ற கிரேக்கச் சொல்லை ‘ஈஸ்டர்’ என்றே மொழிபெயர்த்தது. தமிழில் அதே வசனத்தைத் திறந்து பார்த்தால் ‘பஸ்கா’ என்றுதான் இருக்கிறது.