நிற்கும்போதும் ஓடும் எந்திரம்

பட்டறைச் சொற்கள் – 11

சென்ற வாரம் ‘செட்’ என்ற சொல்லைப் பார்த்தோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் நெடுங்காலம் மிக அதிகமான பொருள்களோடு முதலிடத்தில் இருந்த சொல் அது. இப்போது அந்த இடம் ‘ரன்’ என்ற சொல்லுக்கு. அகராதி ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரே சொல்லோடு ஏறக்குறைய 9 மாதங்கள் உட்கார்ந்து, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். அந்த அகராதியின் கதையைப் புத்தகமாக எழுதிய சைமன் வின்செஸ்டர் இதற்குச் சொல்லும் காரணம் நம் தொடருக்கு மிக நெருக்கமானது: எந்திரங்கள் பெருகின, கூடவே இந்தச் சொல்லும் பெருத்தது.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வாருங்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, திருவள்ளூர் அதன் வழியில் இருந்தது. மாடும் குதிரையும் ஆறும் தேரும் ஓடிக்கொண்டிருந்த தமிழில் அன்று முதல் இரும்பும் ஓடியது. ரயில்வேயில் ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்றால் வண்டியோடு போகிற லோகோ பைலட்டும், 2022 வரை கார்டு எனப்பட்ட டிரெய்ன் மேனேஜரும். அவர்கள் அடுத்த வண்டி வரும்வரை படுத்து எழும் அறைக்குப் பெயர் ‘ரன்னிங் ரூம்’. ஓடாமல் இருப்பதற்கென்றே கட்டிய அறை அது.

அங்கிருந்து வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட். உருக்கு ஆலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படப் பட்டறைகள், ரசாயனத் தொழிற்சாலைகள். ஒவ்வொரு கூரையின் கீழும் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது.

வார்ப்படத்தில் உருகிய உலோகம் அச்சுக்குள் போகும் வாய்க்கால் ‘ரன்னர்’. சூடு போதாமல் உலோகம் பாதி வழியில் உறைந்து, அச்சு நிரம்பாமல் போனால் அந்தக் குறைக்கு ‘மிஸ்ரன்’ என்று பெயர். அச்சின் இடுக்கு வழியே உலோகம் வெளியே பாய்ந்துவிட்டால் ‘ரன்அவுட்’. பக்கத்தில் நிற்பவர் காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நொடி அது. இதே ‘ரன்அவுட்’ மெஷின் ஷாப்புக்குப் போனால் ஓர் அளவாகிவிடுகிறது. லேத்தில் சுழலும் தண்டு மையம் விலகி எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜை வைத்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். மைதானத்தில் அதற்கு என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் காயில் கட்டுபவரிடம் போனால் ‘ஸ்டார்ட்டிங் காயில்’, ‘ரன்னிங் காயில்’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார். கான்ட்ராக்டர் வேலை முடிய முடியப் போடும் பில் ‘ரன்னிங் பில்’. ‘டிரை ரன்’ என்ற சொல்லை நாடே 2021 ஜனவரியில் கற்றுக்கொண்டது. கொரோனா தடுப்பூசிக்கு நடந்த ஒத்திகை அது. ஆனால் பம்ப் ஆபரேட்டரிடம் ‘டிரை ரன்’ என்று சொன்னால் அலறி எழுந்து ஓடுவார். தண்ணீர் வராமல் பம்ப் வெறுமனே ஓடுகிறது, இன்னும் சற்று நேரத்தில் சீல் எரிந்துவிடும் என்று அவருக்குப் பொருள். ரசாயன ஆலையில் ‘ரன்அவே’ என்றால் வேதிவினை கைமீறிப் போவது. சூடு வினையை முடுக்க, வினை மேலும் சூட்டைக் கூட்ட, கடைசியில் எதுவும் கட்டுக்குள் நிற்காது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்தது அதுதான்.

இத்தனை பொருளில் எது இப்போது பேசப்படுகிறது என்று தொழிலாளிக்கு எப்படித் தெரிகிறது? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல், உடன் வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவு பெறும் என்கிறார். பட்டறையில் சார்பு என்பது கையில் இருக்கும் கருவி, எதிரே எரியும் உலை, பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி. பள்ளியில் ‘ரன் என்றால் ஓடு’ என்று ஒரு வரியில் படித்துவிட்டு வந்த பையன், சேர்ந்த சில வாரங்களில் ஏழெட்டுப் பொருளைக் கற்றுக்கொள்வது இப்படித்தான். இது உண்மையான மொழிப்படிப்பு. அதை யாரும் படிப்பென்று கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

நம் ‘ஓடு’ம் இளைத்த சொல் அல்ல. காற்றோட்டம், நீரோட்டம், மின்னோட்டம், ரத்த ஓட்டம். புதுத் தேரை முதன்முதலில் இழுத்துப் பார்க்கும் வெள்ளோட்டம், இன்று ‘ட்ரையல் ரன்’னுக்கு அப்படியே பொருந்தி நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ரன்’ போகும் சில இடங்களுக்குத் தமிழ் ‘ஓடு’ போவதில்லை. மூக்கு ஒழுகும், சாயம் போகும், சரக்கு தீரும், வேட்பாளர் தேர்தலில் நிற்பார். ‘கையும் ஓடலை, காலும் ஓடலை’ என்று தவிக்கும் இடத்துக்கு ‘ரன்’ வராது.

ஒரு நுட்பத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனியை நிர்வகிப்பதற்கு ஆங்கிலத்தில் அந்த ஒரே ‘ரன்’ போதும். தமிழில் ‘கம்பெனி நடத்துறார்’ என்றால் மரியாதை. ‘ஏதோ கம்பெனியை ஓட்டிட்டு இருக்கார்’ என்றால் கடன், பாக்கி, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் அந்த ஒரு வினைக்குள் வந்துவிடும். குடும்பமும் அப்படித்தான், நடத்துபவர்கள் சிலர், ஓட்டுபவர்கள் பலர். கும்மிடிப்பூண்டியில் தினக்கூலிக்கு நிற்கும் யாரும் ‘குடும்பம் நடத்துகிறேன்’ என்று சொல்லமாட்டார். ‘ஓடுதுண்ணா’ என்பார்.

அந்த ‘ஓடுதுண்ணா’வுக்குப் பக்கத்திலேயே வேறு மொழிகளும் நிற்கின்றன. எல்லை தாண்டி வரும் தெலுங்குக்காரருக்கு எந்திரம் ‘நடுஸ்தோந்தி’, அதாவது நடக்கிறது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு அது ‘சல் ரஹி ஹை’. ஒடியாவில் ‘சாலுச்சி’. நமக்கு ஓடும் எந்திரம் அவர்களுக்கு நடக்கிறது அல்லது நகர்கிறது. மொத்தத்தில் நான்கு மொழியிலும் அசைவு உண்டு. எந்திரம் அசைந்தால் ஓடுகிறது, அசையாவிட்டால் நின்றுவிட்டது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இன்றைய தானியங்கி எந்திரத்தில் ‘ரன்’ என்பது அசைவு அல்ல, ஒரு நிலை. பேனலில் ‘ரன்’ விளக்கு எரிகிறது. எந்திரமோ அசையாமல் நிற்கிறது. அடுத்த பொருள் வந்துவிட்டது என்று சென்சார் சொல்வதற்காக அது காத்திருக்கிறது. இடையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பையன் கையை விட்டு எடுக்கிறான். சிக்கல் நீங்கியதும் சென்சாருக்கு வழி தெரிகிறது, எந்திரம் நகர்கிறது. ‘ஓடலையேண்ணா, நின்னுதானே இருந்துச்சு’ என்று அவன் சொல்வது பொய்யல்ல. அவனுக்குத் தெரிந்த பொருளில் அது ஓடவில்லை. பவர் பிரஸ்ஸில் இது வேறு விதம்: மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் ராம் அசையாததால் எல்லாம் நின்றுவிட்டதாகத் தோன்றும். விரல் போவதற்கு அந்தச் சில நொடிகள் போதும்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-வது பிரிவு முழுவதும் இயக்கத்தில் இருக்கும் எந்திரத்தைப் பற்றியது. அதன் அருகே போய்ச் சோதிக்கவோ எண்ணெய் இடவோ வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்று, உடலோடு ஒட்டிய ஆடை அணிந்து, பதிவேட்டில் பெயர் உள்ள வயதுவந்த ஆண் தொழிலாளிதான் போகலாம் என்றது. 108-வது பிரிவு, சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. இதை எழுதியவர்கள் ஒரு பட்டறைக்கு ஒரு மொழி என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நான்கு மொழி பேசும் ஷிப்டில் பெரும்பான்மைக்கு எழுதிய பலகை மீதிப் பேருக்கு வெறும் தகரம்.

என் கோரிக்கை இரண்டுதான். முதலாவது முதலாளிகளுக்கும் ஐடிஐ ஆசிரியர்களுக்கும்: ‘ரன்’ விளக்கின் பக்கத்தில் ‘நின்றாலும் ஓடும், கை வைக்காதே’ என்று தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஸ்டிக்கர் செலவுதான். அடுத்தது, 1974-ல் தேவநேயப் பாவாணர் தலைமையில் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்துக்கு: கலைச்சொல் உருவாக்கும் அறையிலிருந்து ஒருமுறை சிப்காட்டுக்குள் வாருங்கள். ரன்னர், மிஸ்ரன், ரன்அவுட் என்று தொழிலாளி வாயில் புழங்குவதை அவர் சொல்லும் பொருளோடு பதிவு செய்யுங்கள்.

எந்திரத்தோடு வேலை செய்யும் வாசகருக்கு ஒரு வார்த்தை. அசைவு நின்றதை நம்பாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுற்றுவதெல்லாம் அடங்கியதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.