ஈயத் தலைக்குக் கண் வைப்பது எப்படி?

பவுடர் கோட்டிங் பண்ணின கிரில் கேட்டையோ, பைக் அலாய் வீலையோ நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒரே கலர், ஒரே சீரா, வழவழன்னு இருக்கும். இப்போ ஒரு கேள்வி. அதே பவுடரை வச்சு, பட்டாணி சைஸ்ல இருக்கிற ஒரு ஈய உருண்டை மேல வெள்ளைக் கண்ணும் அதுக்குள்ள கறுப்புக் கருவிழியும் வரைய முடியுமா?

முடியும். அமெரிக்காவில் தூண்டில் போடுகிற பலர் இதை வீட்டு கராஜிலேயே செய்கிறார்கள். அவங்க பண்ற வேலையில நம்ம மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல பாதி ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஜிக் என்றால் என்ன?

தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்து ஒரு தலை செய்தால் அதுதான் ஜிக். முள்ளில் ரப்பர் வாலோ, முடிக்கற்றையோ மாட்டி, தண்ணிக்குள்ள மேலும் கீழும் துள்ள விடுவாங்க. பெரிய மீனுக்கு அது ஒரு குட்டி மீன் மாதிரி தெரியும். கிராப்பி என்ற ஏரி மீனுக்குப் போடும் ஜிக் 1/16 அவுன்ஸ், அதாவது 2 கிராம்கூட இருக்காது. அதன் மேல்தான் கண், புள்ளி, கோடு எல்லாம் வரைய வேண்டும்.

சாதாரண எனாமல் பெயின்ட் அடிச்சா என்ன? பாறையில ரெண்டு தடவை மோதினா உரிஞ்சிடும். ரப்பர் வாலில் இருக்கும் பிளாஸ்டிசைசர் பட்டால் சில பெயின்ட்கள் இளகி ஒட்ட ஆரம்பிக்கும். பவுடர் கோட்டிங் இந்த ரெண்டையும் நல்லாத் தாங்கும்.

மாவு, தோசை

காரணம் எளிது. இந்தப் பவுடர் பெரும்பாலும் தெர்மோசெட் வகை. ரெசின், அதை இறுக்கும் ஹார்டனர், நிறமி மூன்றையும் சேர்த்து அரைத்த பொடி. சூடு பட்டால் முதலில் உருகி வழியும். சூடு தொடர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் திரும்ப உருகாது. சுட்ட தோசையை மறுபடி மாவாக்க முடியாது இல்லையா, அதே கதை. இந்த இறுகும் கட்டத்துக்குப் பெயர்தான் க்யூர்.

அடிக்கலர் கொடுப்பது சுலபம். ஜிக் தலையை ஹீட் கன்னில் சூடாக்கி, பவுடர் டப்பாவுக்குள் ஓரிரு விநாடி விட்டு எடுத்தால் போதும். பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வசதியானவங்க டப்பாவோட அடியில நுண்துளைத் தகடு வச்சு, மீன்தொட்டிப் பம்ப்பிலிருந்து காத்து கொடுப்பாங்க. பொடி தண்ணி மாதிரி தளதளன்னு ஆயிடும். கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இது தெரியும்: ஃப்ளூயிடைஸ்டு பெட்.

ஆனா இந்த முறையில கண் வரைய முடியாது. முக்கினா முழுத்தலையும் ஒரே கலர்தான். பொடியை அப்படியே தூவி வரையவும் முடியாது, ஏன்னா ஒவ்வொரு துகளும் சுமார் 30 முதல் 50 மைக்ரான். மெல்லிய கோட்டுக்கு அது ரொம்ப முரடு.

பவுடரைத் திரவமாக்குவது

இங்கேதான் அவங்க செய்யிற வேலை அழகு. பவுடர் கோட்டிங்கின் பெரிய பெருமையே அதில் கரைப்பான் இல்லை என்பது. இவங்க அதுக்குள்ள சில சொட்டு கரைப்பானைத் திரும்ப விடுறாங்க, அசிட்டோனோ தின்னரோ. க்யூர் ஆகாத ரெசின் அசிட்டோனில் இளகிக் கரையும். துகள் உடைந்து, உள்ளே இருக்கும் நிறமி வெளியே வரும். வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு துகள் வெறும் 0.2 முதல் 0.3 மைக்ரான்தான். இப்போ எவ்வளவு மெல்லிய கோடு வேணும்னாலும் போடலாம்.

ஆல்கஹால் ஊத்தினா என்ன ஆகும்? பொடி பெரும்பாலும் கரையாமல் மிதக்கும். வரையலாம், ஆனால் காய்ந்ததும் வெறும் பொடியாக நிற்கும். விரல் பட்டாலே உதிரும். அசிட்டோனில் கரைத்தது காய்ந்தால் படலமாக ஒட்டி நிற்கும்.

பதம் முக்கியம். தோசை மாவை விடத் தண்ணியா, பாலை விடக் கெட்டியா இருக்கணும். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் நடுநடுவே ஒரு சொட்டு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குப் பிரஷ்கூட வேண்டாம். பெரிய ஆணியின் தலையைத் தொட்டு வைத்தால் வெள்ளை வட்டம். அது காய்ந்ததும் குண்டூசித் தலையால் கறுப்புப் புள்ளி. ஆணியின் அளவுதான் கண்ணின் அளவு. ரொம்பத் தடிமனா வச்சா மட்டும் அவன்ல உருகி வழியும், மீன் அழுதுட்டிருக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கண் வைக்கும் முன் அடிக்கலரை முழுசா க்யூர் பண்ணி ஆற விட வேண்டும். இல்லைன்னா கண்ணுல இருக்கிற அசிட்டோன் அடிக்கலரையும் கரைச்சிடும். தோசையாகிவிட்ட அடிக்கலரை அசிட்டோன் அவ்வளவு சீக்கிரம் தொட முடியாது. மாவாக இருக்கும் கண்ணை மட்டும்தான் கரைக்கும்.

நாங்க சொதப்பின கதை

படித்ததோடு விடாமல் நானும் என் ரூம்மேட்டும் முயற்சி செய்தோம். ஈயம் உருக்கவில்லை, கடையில் விற்கும் ஈயக் குண்டு வாங்கினோம். பவுடர் கோட்டிங் கடையில் கேட்டு வெள்ளையும் கறுப்பும் ஆளுக்கொரு கைப்பிடி. சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய ஓடிஜி. அடிக்கலர் அருமையா வந்துச்சு.

அசிட்டோனை டிஸ்போசபிள் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினோம். கப்போட அடிப்பாகம் இளகி, பெயின்ட் எல்லாம் மேஜையில. கண்ணாடிக் குப்பி அல்லது ஸ்டீல் கிண்ணம்தான் சரி. அடுத்து, கண் வைத்து ஐந்தே நிமிடத்தில் அவனில் வைத்தோம். வெளியே எடுத்தா கண் முழுக்க குமிழி, ஊசி குத்தின மாதிரி ஓட்டை. மேல்படலம் காய்ந்திருந்தாலும் உள்ளே அசிட்டோன் மாட்டியிருந்தது. அது 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். அவனோ 180 டிகிரி. ஆவி படலத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கு.

குமிழியைக்கூட விடுங்க. அசிட்டோனின் ஃப்ளாஷ் பாயிண்ட் சுமார் மைனஸ் 20 டிகிரி. அதன் ஆவியைச் சிவந்த காயில் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நாங்க அப்புறம்தான் யோசித்தோம். அன்னைக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது எங்க அதிர்ஷ்டம், திறமை இல்லை. மூணாவது தடவை ஒரு ராத்திரி முழுக்க காத்தாட விட்டோம். கண் பளிச்சென்று வந்தது. குப்பியை மூடித் தள்ளி வைக்காமல் ஹீட் கன்னையோ அவனையோ ஆன் பண்ணாதீங்க.

வெப்பமும் ஈயமும்

வீட்டு உபயோகப் பவுடர்கள் பொதுவாக 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடத்தில் க்யூர் ஆகும். கடைப் பவுடருக்குக் கொஞ்சம் கூடுதல் வெப்பம் தேவைப்படலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் பிரச்சினை இல்லை. ஈயத்துக்குப் பதிலா பிஸ்மத்-டின் கலவையில வார்த்திருந்தா உஷார்: 58-42 விகிதக் கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். கண் க்யூர் ஆகும் முன்னே தலையே போய்விடும்.

அப்போ ஈயமே நல்லதா? அங்கேதான் சிக்கல். லூன் என்ற நீர்ப்பறவை ஜிக்கை விழுங்கினால், அதன் இரைப்பையில் இருக்கும் கற்கள் பெயின்ட்டையும் அரைத்துவிடும். உள்ளே இருக்கும் ஈயம் பறவையைக் கொன்றுவிடும். அதனால் மாசசூசெட்ஸ் மாநிலம் 1 அவுன்ஸுக்குக் குறைந்த ஈய ஜிக்குகளை உள்நாட்டு நீர்நிலைகளில் 2012 முதல் தடை செய்துள்ளது. பெயின்ட் அடித்திருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. குறைந்த வெப்பத்தில் க்யூர் ஆகும் பவுடர் ஏன் வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல காரணம் தேவையில்லை. ப்ராஜெக்ட் டாபிக் தேடுற ஜூனியர்ஸ் குறிச்சு வச்சுக்கோங்க.

நீங்க செஞ்சு பார்த்தா, ஈயம் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாம எதையும் சாப்பிடாதீங்க. கடைசியா ஒரு டெஸ்ட்: பஞ்சில் அசிட்டோன் நனைத்துக் கண்ணை நாலு தடவை தேய்ங்க. கலர் பஞ்சில் தாராளமாக வந்தால் இன்னும் வேகவில்லை, திரும்ப அவனுக்கு. வரலைன்னா உங்க மீன் கண்ணைத் திறந்தாச்சு.